கேட்டு எழுதுதல்

எங்கள் தமிழ்த்துறையில் இளங்கலை மூன்றாமாண்டு மாணவிகளுக்குக் குறும்படத் திரைக்கதை ஒரு விருப்பப் பாடம். சில ஆண்டுகளாக நான்தான் அதை நடத்துகிறேன். சங்க அகப்பாடல்களில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கிய எனக்குச் சினிமா நுட்பம் எதுவும் தெரியாது. மாணவிகளோடு சேர்ந்து நானும் கற்றுக்கொண்டேன். காட்சித் தலைப்பில் உள்ளேயா வெளியேயா, எந்த இடம், பகலா இரவா என்று எழுத வேண்டும். எல்லாமே நிகழ்காலத்தில் நடக்க வேண்டும். ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம். கண்ணுக்குத் தெரிவதையும் காதில் விழுவதையும் தவிர வேறெதையும் எழுதக் கூடாது. ‘அவள் வருந்தினாள்’ என்று எழுதினால் நான் சிவப்பு மையில் அடித்துவிடுவேன். வருந்துகிறவள் என்ன செய்கிறாள், அதை எழுது என்பேன்.

இது செஞ்சி. வகுப்பறை ஜன்னலைத் திறந்தால் ராஜகிரி மலை. அதனால் முதலாண்டில் பாதிப் பேர் தேசிங்கு ராஜனை எழுதிக்கொண்டு வந்தார்கள். குதிரைக்கு எங்கே போவோம், கோட்டைக்குள் படம்பிடிக்கத் தொல்லியல் துறையிடம் அனுமதி வாங்கியாயிற்றா என்று கேட்டால் முழிப்பார்கள். அடுத்த ஆண்டு பயிற்சியை மாற்றினேன். ‘கோட்டையை விடுங்கள். உங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த, ஆனால் யாரும் பேசாத ஒன்றைப் பத்துப் பக்கத்துக்குள் எழுதிக்கொண்டு வாருங்கள்.’ இதைச் சொன்னபோது எனக்கு என்மேல் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு மாணவி பதினொரு பக்கம் எழுதியிருந்தாள். அவளுடைய அத்தை கணவன் வீட்டிலிருந்து அனுப்பப்பட்டவர். மகனை அந்த வீட்டார் வைத்துக்கொண்டார்கள். அப்போது அவனுக்கு நினைவு தெரியாத வயது. அத்தை வாரத்தில் ஒரு நாள் ஒரு பொது இடத்துக்குப் போய் நிற்பார். அந்த வழியாக மகன் பள்ளிக்கூடம் போவான். அவனைப் பார்ப்பார், திரும்பி வருவார். தனியாகப் போய் நின்றால் கேள்வி வரும் என்று ஏழு வயது அண்ணன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு போவார். வரும்போது அவளுக்குக் கமர்கட் வாங்கித் தருவார். அந்த ஏழு வயதுப் பெண்தான் இப்போது என் மாணவி. எந்த இடம், என்ன கிழமை என்பதை இங்கே நான் எழுதவில்லை. காரணம் போகப்போகத் தெரியும்.

வசனம் ஏறக்குறைய இல்லாத திரைக்கதை. பார்ப்பதும் கேட்பதும் மட்டும்தான் என்று நான் சொல்லிக்கொடுத்ததை என்னைவிட நன்றாக அவள் புரிந்துகொண்டிருந்தாள். வகுப்பில் வாசிக்கச் சொன்னேன். கடைசிக் காட்சியில், பையன் கடந்து போன பிறகு அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறார். இரண்டு பெண்கள் எழுந்து வெளியே போய்விட்டார்கள். கல்லூரிகளுக்கிடையிலான குறும்படப் போட்டிக்கு இதை எடுத்து அனுப்பு, ஊரே பார்க்க வேண்டிய கதை இது என்றேன். அவள் தயங்கிக் கேட்டாள். “அத்தைகிட்ட சொல்லணுமாம்மா?” நான் சொன்னேன். “எடுத்து முடிச்சுட்டுக் காட்டு. சந்தோஷப்படுவாங்க.”

இந்தக் கட்டுரை அந்த என் பதிலைப் பற்றியது.

அத்தைக்கு விஷயம் தெரிந்தது ஒரு புடவையால். அப்போது கட்டியிருந்த நீலப் புடவை இருக்கிறதா, படத்துக்கு வேண்டும் என்று இவள் கேட்டிருக்கிறாள். மூன்றாம் நாள் அத்தை கல்லூரிக்கு வந்தார். மணிலாக்கொட்டை பிடுங்குகிற நேரம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். துறை அறையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“நீங்க நல்லதுக்குத்தான் சொல்லிருப்பீங்க டீச்சரம்மா. புள்ள நல்லா எழுதிருக்குன்னு சொன்னா. எனக்குப் படிக்க வராது. ஒன்னே ஒன்னு கேக்கறேன். அந்தப் படத்த அவங்க வூட்டுல ஒருத்தர் பாத்துட்டா, அடுத்த வாரம் அந்தப் பையன அந்தப் பக்கமா அனுப்புவாங்களா?”

என்னிடம் பதில் இல்லை. அவருக்கும் அது தெரிந்திருந்தது. தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பெண்ணெழுத்தில் வளர்ந்த என் தலைமுறைக்கு மௌனத்தை உடைப்பது ஏறத்தாழ ஒரு வேதம். ‘வெளியே சொல்லாதே’ என்பது நாம் கேட்டு வளர்ந்த முதல் கட்டளை. அடியை, குடியை, வரதட்சிணையை, படுக்கையறையில் நடந்ததை எல்லாம் குடும்ப மானம் என்ற போர்வைக்குள் வைத்துப் பொத்தினார்கள். அந்தப் போர்வையை இழுத்துப் போட்டவர்கள் நமக்கு முன்னால் எழுதிய பெண்கள். அவர்கள் அனுமதி கேட்டுக்கொண்டு நின்றிருந்தால் ஒரு வரிகூட எழுதியிருக்க முடியாது. இதை நான் இன்றும் நம்புகிறேன். ஆனால் என் மௌனத்தை உடைக்க எனக்கு இருக்கும் உரிமை, இன்னொருத்தியின் மௌனத்தை உடைக்கவும் போதுமா?

அத்தையின் மௌனம் பிறர் வாயடைத்ததால் வந்ததாக மட்டும் இல்லை. பேசாமல் இருப்பதைக் கொண்டுதான் வாரத்தில் சில நிமிடங்களை அவர் தமக்கென்று சம்பாதித்து வைத்திருந்தார். ஒடுக்கப்பட்ட மௌனமும் ஒருத்தி தானே காத்துக்கொள்கிற மௌனமும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். எது எது என்று தெரிந்துகொள்ள அவளிடம் கேட்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. நான் கேட்கவில்லை. மாணவி கேட்க நினைத்தபோதும் தடுத்தேன்.

மாணவி என்னோடு உடன்படவில்லை. போட்டி வேண்டாம் என்று நான் சொன்னதும் கோபப்பட்டாள். “அத்தை கதையில நானும் இருக்கேனேம்மா. என்னைக் கூட்டிட்டுப் போனாங்க. எதுக்குன்னு சொல்லாம கூட்டிட்டுப் போனாங்க. அது என் கதையும்தானே?” பிறகு இன்னொன்றும் சொன்னாள். “அந்தப் பையனுக்கும் தெரியணும் இல்ல? நம்ம அம்மா நம்மளப் பாக்க வாரா வாரம் வந்தாங்கன்னு தெரியாமலே அவன் வளந்துடணுமா?” இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டாவதற்கு இன்றுவரை என்னிடம் விடை இல்லை.

இந்தக் கேள்வியை இந்தியாவில் மிகக் கடுமையாக எதிர்கொண்ட படம் ‘பண்டிட் குயின்’. மாலா சென் எழுதி 1991இல் வந்த நூலை ஒட்டிச் சேகர் கபூர் இயக்கி 1994இல் வெளிவந்தது. பூலான்தேவி பதினொரு ஆண்டு சிறைக்குப் பிறகு வெளியே வந்ததும் அதே ஆண்டுதான். உண்மைக் கதை என்று அறிவித்துக்கொண்ட அந்தப் படம், அவர்மீது நடந்த கூட்டு வன்புணர்வைத் திரையில் காட்டியது. படத்தை எதிர்த்து அவர் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். உயிரோடு இருக்கும் ஒரு பெண்மீது நடந்த வன்புணர்வை அவள் அனுமதியில்லாமல் மறுபடி நடத்திக்காட்ட யாருக்கு உரிமை உண்டு என்று அருந்ததி ராய் அப்போதே எழுதினார். பூலான்தேவி பின்னர் சமரசமாகி வழக்கைக் கைவிட்டார். ஆனால் கேள்வி சமரசமாகவில்லை. சாதி வன்முறையை இந்தப் படம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது என்று வாதிட்டவர்களின் அக்கறை பொய்யில்லை. நான் வகுப்பில் ‘ஊரே பார்க்க வேண்டும்’ என்று சொன்னபோது என் அக்கறையும் பொய்யில்லை. அக்கறை இருப்பதாலேயே அனுமதி கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். பிசகு அங்கேதான் நடக்கிறது.

அதே 1994இல் நம் மாநிலத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆட்டோ சங்கர் சிறையிலிருந்து எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது பற்றிய ராஜகோபால் வழக்கு அது. ஒருவருடைய குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு, தாய்மை, கல்வி போன்றவற்றைப் பற்றி, அது உண்மையாகவே இருந்தாலும், அவர் இசைவில்லாமல் யாரும் வெளியிட முடியாது என்றது தீர்ப்பு. பொது ஆவணங்களில் உள்ளவற்றுக்கும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளின் பணி குறித்தவற்றுக்கும் விலக்கு உண்டு. அந்தப் பட்டியலில் தாய்மை இருப்பதை இந்த விஷயத்துக்குப் பிறகுதான் நான் கவனித்தேன். இன்னொரு பக்கம், பதிப்புரிமைச் சட்டப்படி திரைக்கதை ஓர் இலக்கியப் படைப்பு. எழுதியவளுக்கே சொந்தம். பதினொரு பக்கத்துக்கும் என் மாணவி உரிமையாளர். அந்தப் பக்கங்களுக்காக வாழ்ந்து கொடுத்த அத்தைக்கு அதில் ஒரு வரியும் சொந்தமில்லை. சட்டம் இவ்வளவு தூரம் வரும். அதற்கு மேல் நாம்தான் நடக்க வேண்டும்.

நான் தமிழ் படித்தவள். அதனால் இங்கே தொல்காப்பியம் வந்து நின்றது. அகத்திணையில் தலைமக்களின் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்கிறது அகத்திணையியல். பல ஆண்டுகளாக இதை ஓர் இலக்கிய மரபு என்று மட்டும் நடத்தினேன். எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்பதற்காகப் பெயரை நீக்கினார்கள் என்று தேர்வுக்கு எழுதவும் வைத்தேன். அத்தை வந்து போன பிறகு அதே அகப்பாடல்களில் வேறொரு சொல் கண்ணில் பட்டது. அலர். ஊர் வாய்க்கு அஞ்சாத தலைவி அகப்பாடல்களில் அரிது. பெயர் சொல்லாமை அவளுக்கு ஒரு காப்பும்கூட. கதையைச் சொல்லலாம், ஆளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. இன்றைய அலர் யூடியூபில் வரும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றும்.

ஆனால் அந்த மரபுக்குள்ளேயே ஓர் இடறலும் உண்டு. அகநானூற்றின் 147ஆம் பாட்டு ஔவையார் பாடியது. கணவனைத் தேடி அலைந்த வெள்ளிவீதியைப் போல நானும் புறப்படப்போகிறேன் என்று அதில் தலைவி சொல்கிறாள். வெள்ளிவீதியார் ஒரு புலவர். தம் ஏக்கத்தைப் பாடியவர். ஒரு பெண் புலவர் இன்னொரு பெண் புலவரின் துயரத்தைப் பெயரோடு உவமையாக்கிவிட்டார். தலைவிக்குப் பெயர் இல்லை, அதனால் இலக்கண விதி மீறப்படவில்லை. ஆனால் அந்த ஒரு குறிப்பைப் பிடித்துக்கொண்டு, வெள்ளிவீதியாரின் பாட்டையெல்லாம் அவர் சொந்தக் கதையாகவே வாசிக்கிறோம். கேட்டுத்தான் பாடினாரா ஔவையார்? தோழமையில் பாடியிருக்கலாம். நானும் தோழமையில்தான் ‘போட்டிக்கு அனுப்பு’ என்றேன்.

கேட்கவே முடியாதவர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஊரே அப்படி ஒருத்தியின் சாம்பல்மேல்தான் கதை சொல்லிக்கொண்டிருக்கிறது. 1714இல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதித் தேசிங்கு இறந்தான். அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள். ராணிப்பேட்டை என்ற ஊர்ப்பெயர் அவள் நினைவாக வந்தது என்பார்கள். கதைப்பாடலாகப் பாடினார்கள், 1960இல் எம்.ஜி.ஆர். நடிக்கப் படமாகவும் வந்தது. எங்கள் ஊரில் சொல்லக் கேட்ட வடிவத்தில், போருக்குப் புறப்படுகிறவன் அவளிடம் விடைபெறும்போது இருவருக்கும் நடுவே ஒரு திரை தொங்கும். திரைக்கதை என்ற சொல்லை எழுதும்போதெல்லாம் எனக்கு அந்தத் திரை ஞாபகம் வரும். திரைக்குப் பின்னால் இருந்தவள் என்ன நினைத்தாள் என்பது எந்த வடிவத்திலும் இல்லை. விரும்பித் தீயில் இறங்கினாள் என்பது மட்டும் எல்லா வடிவத்திலும் உறுதியாக இருக்கிறது. அவள் சம்மதத்தை மற்றவர்களே எழுதிக்கொண்டார்கள். 1987இல் ராஜஸ்தானின் தேவராலாவில் பதினெட்டு வயது ரூப் கன்வர் எரிந்தபோதும் கூடியிருந்தவர்கள் இதையேதான் சொன்னார்கள். அதன் பிறகு வந்த சட்டம் உடன்கட்டையைப் போற்றிப் பேசுவதையே குற்றமாக்கியது. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டது. இனி இந்தக் கதையை இன்னும் நிறையப் பேருக்குச் சொல்வோம். சொல்லும்போது, ‘அவளைக் கேட்டவர்கள் யாரும் இல்லை’ என்ற ஒரு வாக்கியத்தையாவது சேர்த்துக்கொள்ளலாம்.

அப்படியானால் குடும்பத்தில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் எழுத வேண்டுமா? வகுப்பில் ஒருத்தி இதையே கேட்டாள். அவள் அப்பாவின் குடியை எழுதியிருந்தாள். “அப்பாகிட்டயும் கேக்கணுமாம்மா?” எல்லாரும் சிரித்தார்கள். கேட்க வேண்டாம் என்றேன். அடித்தவனிடம் அடியைப் பற்றி எழுத அனுமதி கேட்பது, அடிக்கு இன்னொரு அதிகாரம் கொடுப்பதாகும். ஆனால் படம் வெளிவந்த அன்று இரவு அந்த வீட்டில் படுக்கப்போகிறவள் அம்மா. அவளிடம் கேட்க வேண்டும். யாருக்குக் கெட்ட பெயர் வரும் என்று பார்க்கத் தேவையில்லை. விலையை யார் கொடுப்பார்கள் என்று பார்த்தால் போதும். நோட்டுப் புத்தகத்தில் எழுத யாருடைய அனுமதியும் வேண்டாம், அங்கே எல்லாவற்றையும் எழுதலாம், எழுதவும் வேண்டும். நோட்டை விட்டு வெளியே போகும்போதுதான் இந்தக் கேள்வி. அச்சில் வரும் கவிதைக்கும் இது உண்டு. ஆனால் கவிதைக்குள் ஒளிந்துகொள்ள இடமிருக்கிறது. படத்தில் முகம் இருக்கும், தெரு இருக்கும், பின்னால் போகிற பேருந்தின் எண்கூட இருக்கும்.

கேட்டே ஒரு திரைக்கதையை எழுத முடியும் என்பதற்கு நம்மிடம் முன்னுதாரணம் உண்டு. தீபா தன்ராஜும் தோழர்களும் 1980இல் தொடங்கிய யுகாந்தர் என்ற பெண்ணியத் திரைப்படக் குழு, ஹைதராபாதின் ஸ்திரீ சக்தி சங்கடனாவோடு சேர்ந்து 1983இல் ‘இதி கத மாத்ரமேனா’ என்ற தெலுங்குக் குறும்படத்தை எடுத்தது. இது வெறும் கதைதானா என்று பொருள். திருமணத்துக்குள் நடக்கும் வன்முறையைப் பற்றிய படம். பெண்கள் கூடி உட்கார்ந்து தங்கள் அனுபவங்களைப் பேசிப்பேசி அந்தக் கதையை உருவாக்கினார்கள். பல பெண்களின் வாழ்க்கை சேர்ந்து ஒருத்தியாகத் திரையில் வந்தது. எந்த ஒருத்தியையும் சுட்டிக்காட்ட முடியாது. தொல்காப்பியர் சொன்ன விதியை அவர்கள் வேறு வழியில் போய்ப் பிடித்துவிட்டார்கள்.

எங்களிடம் அப்படி ஒரு குழு இல்லை. ஒரு மாணவியும் ஓர் அத்தையும்தான். இரண்டு வாரம் கோபமாக இருந்தவள், ஒருநாள் இரவு அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து பதினொரு பக்கத்தையும் வாசித்துக் காட்டியிருக்கிறாள். மறுநாள் வந்து எனக்குச் சொன்னாள். அத்தை நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாராம். முடிந்ததும் மூன்று விஷயம் சொன்னாராம்.

முதலாவது, “பையன் மூஞ்சியக் காட்டாத.” இரண்டாவது, இடத்தை மாற்றச் சொன்னார். “மலையனூர் அமாவாசைக் கூட்டம்னு வெச்சுக்கோ. அங்க யாரு யாரப் பாக்க வந்தாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது.” மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசை இரவு ஊஞ்சல் பார்க்க வரும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு சரியான யோசனை என்று தெரியும். திரைக்கதைப் பாடத்தில் நான் சொல்லித்தராத ஒன்றை எழுதப்படிக்கத் தெரியாத அவர் சொல்லிவிட்டார். ஒளிய வேண்டியவளைக் கூட்டத்துக்குள் நிறுத்த வேண்டும்.

மூன்றாவதுதான் என்னை உலுக்கியது. “நான் அழுவலையே. அங்க நின்னு ஒரு நாளும் அழுதது இல்ல. அழுதா கண்ணு மறைக்கும்ல?”

நான் பாராட்டிய கடைசிக் காட்சி பொய். ஒரு தாய் இந்த இடத்தில் அழுவாள் என்று மாணவியும் நானும் வகுப்பும் சேர்ந்து முடிவு செய்திருந்தோம். வருந்துகிறவள் என்ன செய்கிறாள் என்று எழுது என்று மற்றவர்களுக்குச் சொன்ன எனக்கு, அவள் என்ன செய்தாள் என்று கேட்கத் தோன்றவில்லை. வாரத்தில் கிடைக்கும் அந்தச் சில நிமிடங்களில் கண்ணீர் பார்வையை மறைத்துவிடக் கூடாது என்று நின்ற ஒருத்தியை, நாங்கள் முந்தானையால் முகத்தை மூடி நிறுத்தியிருந்தோம். அனுமதி கேட்பது எழுத்தைக் கட்டிப்போடும் என்று பயப்படுகிறோம். எனக்குத் தெரிந்து அந்தத் திரைக்கதை பொய்யிலிருந்து மெய்க்கு வந்தது அந்த இரவில்தான். தமிழில் ‘கேள்’ என்றால் காது கொடுப்பதும்தான், வினவுவதும்தான். இரண்டும் ஒரே வேலை என்று அந்தச் சொல்லுக்குத் தெரிந்திருக்கிறது.

போட்டிக்கான கடைசித் தேதி போய்விட்டது. புதிய வடிவத்தில் பையனே இல்லை. கூட்டத்தில் ஒரு குழந்தை கமர்கட்டைச் சப்பிக்கொண்டு அத்தையை அண்ணாந்து பார்க்கிறது. அத்தை எங்கோ பார்க்கிறாள். எதைப் பார்க்கிறாள் என்று குழந்தைக்குத் தெரியவில்லை, நமக்கும் காட்டப்படவில்லை. கதையில் என் மாணவிக்குச் சொந்தமான பங்கு அதுதான். அந்தத் தெரியாமையை எழுத அவளுக்கு முழு உரிமை உண்டு. அந்தப் பையனுக்குத் தெரிய வேண்டாமா என்ற அவள் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. அதை அவள் அத்தையிடம் கேட்டாளா என்று நான் விசாரிக்கவில்லை. அது அவர்கள் இருவருக்குள் இருக்க வேண்டியது.

வீட்டிலிருந்து கதை எடுக்கும் பயிற்சியை நான் நிறுத்தவில்லை. ஒரு பக்கம் மட்டும் கூட்டியிருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் மூன்று வரி எழுத வேண்டும். யாரிடம் கேட்டேன், என்ன சொன்னார், என்ன மாற்றினேன். கேட்க முடியாமல் போனால் ஏன் என்று எழுத வேண்டும். அந்தப் பக்கத்துக்கு மதிப்பெண் கிடையாது.

இந்தக் கட்டுரையையும் அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். உறவுமுறை உட்படச் சிலவற்றை ஏற்கெனவே மாற்றியிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு இரண்டு வரிகளை எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டேன்.